பந்து துரைக்கு வைத்த பொட்டு

பூவராகவன் வீட்டில் கல்யாணம் என்றால் சாமிகளில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, மனுஷர்களில் முதல் பத்திரிகை பந்து துரைக்கு. மாமன், மச்சான், ஊர்ப் பெரியமனுஷர்கள் எல்லாரும் அதற்கப்புறம்தான். துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, அவர் எங்கே பந்தியில் வந்து உட்காரப் போகிறார் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "எங்க பொழப்பே அவர் போட்டதுய்யா" என்று ஆரம்பித்து, கேட்டவன் காதில் ரத்தம் வருகிற வரைக்கும் விட மாட்டார்.

செஞ்சி கடைவீதியில் அவருடையது மணிலா மண்டி. நிலக்கடலையைத்தான் இந்தப் பக்கம் மணிலா என்று எழுதுவார்கள், வாய் திறந்தால் மல்லாட்டை. பலகையில் 'பந்துதுரை மணிலா மண்டி' என்று பெரிய எழுத்து. உள்ளே கல்லாவுக்கு மேலே ஒரு பழைய போட்டோ. அதில் பதினோரு வெள்ளைக்காரர்கள். கோடு போட்ட சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, தலையில் குல்லா, ஆளுக்கொரு மீசை. நடுவில் ஒருவர் மடியில் கால்பந்தை வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, இந்த உலகத்தையே விலை பேசப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர்தான் துரை. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி மேல் சரியாக அவர் நெற்றியில் குங்குமம் வைத்து வைத்து, அந்த இடமே சிவந்துபோயிருக்கிறது. மற்ற பத்துப் பேரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

துரையின் கதை கடைவீதியில் எல்லாருக்கும் மனப்பாடம். சீமையில் பெரிய பந்தாட்டக்காரர். கப்பலேறிப் பாண்டிச்சேரிக்கு வந்தார். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்து மணிலா வாங்கிப் பிரான்ஸ் தேசத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பினார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. சாகும்போது கிடங்குச் சாவியையும் இந்தப் போட்டோவையும் தன் கூடவே இருந்த பூவராகவனின் முப்பாட்டன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அன்றைக்கிருந்து துரை வீட்டுப் பெரியவர் ஆகிவிட்டார். கடைவீதிக்காரர்களுக்கும் அவர் வேண்டியிருந்தது. எடையில் தகராறா, சரக்கில் சந்தேகமா, கூட்டிக்கொண்டு வந்து துரை முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். துரை முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது இங்கே கேள்வி கேட்காத விஷயம்.

இப்போது பூவராகவனின் ஒரே மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம், இன்னும் இருபத்திரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக்கொண்டு அவர் படத்தின் முன்னால் நின்றார். பக்கத்தில் மனைவி ஜெயம், குங்குமச் சிமிழோடு. பக்கத்துச் சாக்குக்கடை உமர் பாரூக் தன் கடை வாசலில் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒண்ணாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். கற்பூரம் ஏற்றியாகிவிட்டது.

"நைனா! நில்லு, நில்லு! பத்திரிகைய வெச்சிடாத!"

யுவஸ்ரீ செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி இது, கற்பூரம் எரியுற நேரத்துல?" என்றாள் ஜெயம்.

"அது தொர இல்ல, நைனா!"

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால் அவள் இந்தப் போட்டோவைப் படமெடுத்து, துரையின் கதையையும் எழுதி நெட்டில் போட்டிருந்தாள். கல்யாண ஜோரில் ஏதோ ஆசை. அதை இங்கிலாந்தில் ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா பார்த்துவிட்டார். பழைய பந்தாட்டச் சங்கங்களின் சரித்திரத்தைத் தோண்டி எடுப்பதுதான் அந்தம்மாவுக்கு வேலையாம். இதே போட்டோவின் இன்னொரு பிரதி அவரிடம் இருக்கிறது. பின்பக்கம் வரிசை வாரியாகப் பதினோரு பேரின் பெயரும் மையில் எழுதியிருக்கிறது. செஞ்சிக்கு வந்து மணிலா வாங்கியவர் எட்மண்ட் பார்ன்வெல். நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவர் அவர் இல்லை, அந்த அணியின் கேப்டன். கேப்டன் இந்தியாப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"பின்ன நம்ம தொர யாரு?" என்றார் பூவராகவன்.

யுவஸ்ரீ படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பின்வரிசையில் வலது கோடி. முன்னால் நிற்பவனின் தோள் பாதி மறைக்கிறது. மீதிப் பாதியிலும் முகம் இல்லை, வெறும் மங்கல். அந்தக் காலத்துக் கேமராவுக்குக் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமாம். பத்துப் பேரும் நின்றார்கள். பார்ன்வெல் தலையைத் திருப்பிவிட்டார்.

கடையில் மாட்டியிருக்கிற போட்டோவை நிமிர்ந்து பார்த்தார் பூவராகவன். அதே மூலை. அங்கேயும் அதே மங்கல். ஈரம் பட்டு அழிந்துபோன இடம் என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தது ஜெயம். "அடக் கடவுளே! முப்பது வருஷம்! தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, வெள்ளிக்கெழம தவறாம, முன்ன பின்ன தெரியாத எவனோ ஒரு வெள்ளக்காரனுக்கா நான் பொட்டு வெச்சினு இருந்தேன்?"

உமர் பாரூக் டீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்தார். படத்தை ஒரு தரம், செல்போனை ஒரு தரம் பார்த்தார். "இன்னா பூவராகா, ஆளு மாறிப்போச்சா? அப்ப கடவீதில இத்தினி பேரு பண்ண சத்தியம் எல்லாம் எந்த ஊரு ஆபீசுல பதிவாச்சி?"

"சும்மா இருடா நீ வேற."

"நான் இன்னா சொல்லிட்டேன்? ஆளு யாருன்னு தெரியாமலே பயந்துனு இருந்திருக்கீங்க. அதுவும் ஒரு தெறமதான்."

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. பத்திரிகை தட்டிலேயே இருந்தது. யாருக்கு வைப்பது? நடுவில் இருப்பவருக்கா, மூலையில் நிற்பவருக்கா? பார்த்தால், போட்டோ ஒன்றுதான், எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றும். பூவராகவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நடு ஆளின் முகத்தை நம்பி அவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. திண்டிவனத்து எண்ணெய் மில்லுக்கு ஒரு லோடு மணிலா போயிற்று. போன லாரி அப்படியே திரும்பி வந்தது. நடு அடுக்கு மூட்டைகளில் ஈரச் சரக்கு, பூஞ்சை பிடித்து நாறுகிறது. 'இதுவா பந்துதுரை மண்டிச் சரக்கு' என்று மில்காரன் டிரைவரிடம் கேட்டு அனுப்பியிருந்தான். பூவராகவனுக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கு மூட்டை ஏற்றியவன் அவர் தம்பி இளமாறன். கடைவீதி ஆட்கள் பத்துப் பேர் கூடி நிற்கையில் பூவராகவன் கற்பூரத்தை ஏற்றினார். "தொர மேல சத்தியம் பண்ணுடா, நான் கலக்கலன்னு" என்றார்.

இளமாறன் படத்தைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூட்டை மேல் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டான். சத்தியம் செய்யாதவன் குற்றவாளிதானே? கடைவீதி அப்படித்தான் சொன்னது, பூவராகவனும் அப்படித்தான் முடிவு கட்டினார். இளமாறன் பெண்டாட்டி ஊரான வல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. அம்மா செத்தபோது வந்து தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். இந்தக் கல்யாணத்துக்கும் அவன் பெயர் பட்டியலில் இல்லை. "சித்தப்பா இல்லாம எனக்கு இன்னா கல்யாணம்" என்று யுவஸ்ரீ ஒரு மாதமாகக் கேட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தவன் அவன்தான். பூவராகவன் மசியவில்லை.

"நைனா, அந்தம்மா இன்னும் எழுதியிருக்காங்க" என்றாள் யுவஸ்ரீ. "தொரயோட கதைய."

"படி."

அவள் இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் காசு வாங்காமல் ஆடியவர்கள். கௌரவம்தான் பெரிசு. பார்ன்வெல் நல்ல ஓட்டக்காரர். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் ஒரு பெரிய கோப்பை ஆட்டம். பார்ன்வெல் அடித்த பந்தில்தான் இவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் எதிர் அணிக்காரர்கள், அவர் கையால் தொட்டுவிட்டுத்தான் அடித்தார் என்று கத்தினார்கள். நடுவர் எவருக்கும் அது கண்ணில் படவில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கேப்டன்தான் வந்து, எல்லார் முன்னாலும் பார்ன்வெல்லிடம் சொன்னார், 'நீ கனவான் என்றால் கையால் தொடவில்லை என்று சத்தியம் செய்.'

யுவஸ்ரீ நிறுத்தினாள். அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"மேல படி, ஏன் நிறுத்திட்ட?"

"பார்ன்வெல் ஒண்ணுமே பேசலியாம். தலையில இருந்த குல்லாவ எடுத்துப் புல்லு மேல வெச்சிட்டு, மைதானத்த விட்டுப் போயிட்டாராம். அதோட சரி. அவரு பந்தையே தொடல. அடுத்த வருஷம் கப்பலேறிட்டாரு."

உமர் பாரூக் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குக் கூடி நின்ற பத்துப் பேரில் அவரும் ஒருவர்.

"அவரு கையால தொட்டாரா, தொடலியா?" என்றார் பூவராகவன். அவசரமாகக் கேட்டார், பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி.

"தெரியாதாம், நைனா. கடேசி வரைக்கும் யாருக்குமே தெரியாதாம்."

"தெரியாதுன்னா எப்பிடி? அந்தம்மாவ நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லு!"

"நூத்தம்பது வருஷம் ஆச்சி நைனா, யாரப் போயிக் கேக்குறது? ஆனா செஞ்சியிலருந்து அவரு தங்கச்சிக்கு எழுதின லெட்டர் ஒண்ணு இருக்குது. 'இங்கே நான் கடலை வாங்குகிறேன். ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினால் காய்ந்ததா ஈரமா என்று அதுவே சொல்லிவிடுகிறது. யாரும் யாரையும் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது' அப்பிடின்னு."

பூவராகவன் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் ஆளாக இல்லை. ஒருவர் பேசினால் அவருக்கு ரெண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சத்தியம் செய்ய மறுத்தவர் துரை. செய்யச் சொன்னவன் கேப்டன். கேப்டனுக்குப் பொட்டு வைத்து, அவன் முன்னால் தம்பியைச் சத்தியம் செய்யச் சொன்னவர் யார்? அப்படியென்றால் இளமாறன் கலக்கவில்லையா? துரை கையால் தொடவில்லை என்றால் தம்பியும் கலக்கவில்லை என்று ஆகுமா? அதெப்படி ஆகும், அது வேறே, இது வேறே. சரி, துரை தொட்டிருந்தால்? அப்போது ஒரு தில்லுமுல்லுக்காரரையா நாலு தலைமுறையாகக் கும்பிட்டோம்? யோசிக்க யோசிக்க நூல் கண்டு இன்னும் சிக்கலாகிக்கொண்டே போயிற்று. குங்குமத்தைத் தொட்டு மூலையில் இருந்த மங்கலுக்கு வைக்கப் போனார். விரல் அந்தரத்தில் நின்றது. முகமே இல்லாதவருக்கு நெற்றி எங்கே இருக்கிறது? விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாதிரிக்கு வைத்திருந்த மணிலாக் காய்களில் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார். கடகடவென்று சத்தம் வந்தது. மணிலாவைப் பற்றி மட்டும்தான் அது சொன்னது.

"இன்னாங்க, நானூறு பத்திரிக அப்பிடியே கெடக்குது" என்றாள் ஜெயம். "மொதல் பத்திரிக வெக்காம மத்தது குடுக்கக்கூடாது. யாராவது ஒரு வெள்ளக்காரனுக்கு வெச்சித் தொலைங்களேன்!"

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம், ஸ்பெஷல் பஸ்ஸுக்கு அடிதடி. பூவராகவன் அந்தக் கூட்டத்துக்குள் ஸ்கூட்டரை நுழைத்து நெளித்து வெளியே வந்தார். எங்கே போகிறார் என்று வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வல்லத்துக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி தானாக நின்றது. அப்புறம் தானாகத் திரும்பியது என்றுதான் பிற்பாடு சொன்னார்.

இளமாறன் வல்லத்தில் மணிலா உடைக்கிற மெஷின் வைத்திருந்தான். கொட்டகைக்குள் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. தலை, புருவம், மீசை எல்லாம் தோல் தூசி. ஐம்பது வயசுக்கு அறுபது மாதிரி தெரிந்தான். அவன் மனைவி மகாலட்சுமிதான் முதலில் பார்த்தாள். "மாமா! வாங்க மாமா!" என்றவள், கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். "மிஷின நிறுத்துங்க! யாரு வந்திருக்கறது பாருங்க!"

மெஷின் நின்றுவிட்டது, இனி பூவராகவன் எதையாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆரம்பித்தார். தட்டு, கற்பூரம், டீச்சரம்மா, கேப்டன், மங்கல், குல்லா, லெட்டர் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தது. இளமாறன் குறுக்கே பேசாமல் கேட்டான். ஜெயம் முப்பது வருஷம் வேறு ஆளுக்குப் பொட்டு வைத்த இடத்தில் மட்டும் சிரித்துவிட்டான். அண்ணி கோபம் அவனுக்குத் தெரியும்.

"சரிண்ணா. அதுக்கு இப்ப இன்னா?"

"நீ ஏன்டா அன்னிக்கி சத்தியம் பண்ணல?"

இளமாறன் மீசைத் தூசியைப் புறங்கையால் துடைத்தான். "எப்பிடிண்ணா பண்றது? கலந்தது நான்தான."

வருகிற வழியெல்லாம் தம்பி நிரபராதி என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவர் பூவராகவன். கண் கலங்குவதற்குக் கூடத் தயாராக இருந்தார்.

"சிங்கவரத்துக் கமலாம்பாள் இருந்துது இல்ல, புருஷன் செத்து ஒரே ஆளா வெள்ளாம பண்ணிச்சே, அந்தம்மா சரக்கு" என்றான் இளமாறன். "மூணு மூட்ட மழையில நனஞ்சிட்டுது. கடவீதில ஒரு மண்டிக்காரனும் தொடல. நம்ம வாசப்படில உக்காந்து அழுதுச்சி. நீ ஊர்ல இல்ல. நான் எடுத்துக்கினேன். காய வெக்க நேரமில்ல, லாரி வந்துட்டுது. நடுவுல போட்டா சூட்டுல காஞ்சிடும்னு நெனச்சேன். தப்புதான், மறுக்கல."

"அடப்பாவி! அத அப்பவே சொல்லித் தொலச்சா இன்னாடா?"

"நீ கேட்டியாண்ணா?"

"இன்னாது?"

"கடவீதியக் கூட்டி வெச்சி, கற்பூரத்த ஏத்தி, கலக்கலன்னு சத்தியம் பண்ணுன்னு சொன்ன. பொய்ச் சத்தியம் பண்ண எனக்கு வராது. 'கலந்தியாடா'ன்னு என் மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா, ஆமாண்ணான்னு சொல்லியிருப்பேன். நீ ஒரு தபா கூடக் கேக்கல. அதுக்கப்புறம் பன்னண்டு வருஷம் இருந்துது. அப்பவும் நீ கேக்கல."

பூவராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நினைத்தது சரிதான், தம்பிதான் கலந்திருக்கிறான். பன்னிரண்டு வருஷம் சரியாகத்தான் இருந்திருக்கிறார். அந்தச் சரியை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கோபப்படலாமா என்று பார்த்தார், கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. தப்பு செய்தவன் நேராக நிற்கிறான், செய்யாதவர் தரையைப் பார்க்கிறார், இது என்ன கூத்து! அந்தச் சீமை மைதானத்தில் குல்லாவைக் கழற்றி வைத்தவரிடமும் யாரும் நேராகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று திடீரென்று தோன்றியது. கேட்டிருந்தால் அவர் கப்பலேறியிருக்க மாட்டார். அவருக்குச் செஞ்சி இல்லை, மண்டி இல்லை, நமக்கு இந்தப் பொழப்பும் இல்லை. நல்லதா கெட்டதா இது?

மகாலட்சுமி மோர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. வெள்ளிக்கிழமை தடவிய மஞ்சள் காய்ந்து நிறம் மாறியிருந்தது.

இளமாறன் அதைப் பார்த்தான். அந்த வீட்டில் பிறந்தவன், மஞ்சள் தடவிய பத்திரிகை எது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னாண்ணா இது? தொரைக்கு வெக்கலியா?"

"இல்ல."

"அப்ப இது..."

"மொதல் பத்திரிகடா."

இளமாறன் கைகளைக் கைலியில் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தான். "கை பூரா தூசிண்ணா" என்றான். "மொதல்ல தொரைக்கு வெச்சிட்டு வா. மொற மாறக்கூடாது."

"அவரு இத்தினி வருஷம் மூலையிலதான நின்னாரு. இன்னும் ரெண்டு நாளு நின்னா ஒண்ணும் கொறஞ்சிட மாட்டாரு" என்றார் பூவராகவன். "நீ வாங்குடா."